பழைய போர்வையும் புதிய மெத்தையும்

வணக்கம்.

எங்கள் நாய்க்கு 12 வயது முடிந்துவிட்டது. போன மாதம் ஒரு நல்ல மெத்தை வாங்கிப் போட்டோம். அவன் அதில் கால்கூட வைக்கவில்லை, கிழிந்த போர்வையில்தான் படுக்கிறான். நடைக்குப் போகும்போது வழக்கமான திருப்பத்தை விட்டு வேறு பக்கம் போனால் அப்படியே நின்றுவிடுகிறான். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறையிலிருந்து வராந்தாவுக்கு மாற்றினோம். இரண்டு நாள் பழைய இடத்துக்கே வந்து நின்று எங்களைப் பார்த்தான். வயதானால் இவ்வளவு பிடிவாதம் வருமா? வற்புறுத்திப் பழக்கலாமா, அவன் போக்கில் விடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் எங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை, உங்களிடம் கேட்டிருக்கிறான்.

இந்த வயதில் பெரும்பாலான நாய்களின் கண்ணில் லென்ஸ் இறுகி, பார்க்கும் நமக்கு அது நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும். இது கண்புரை இல்லை, பார்வையும் போய்விடாது. ஆனால் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. காதும் மந்தமாகத் தொடங்கும். கண்ணும் காதும் விட்ட இடத்தை ஞாபகம் நிரப்புகிறது: கதவிலிருந்து இத்தனை எட்டு வைத்தால் தண்ணீர், இந்தச் சுவர் முடிந்தால் படி. கிண்ணத்தை நகர்த்தும்போது அந்தக் கணக்கு தவறிவிடுகிறது.

மெத்தை விஷயத்தில் நான் முழுக்க அவன் பக்கம். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய் அமுங்கும் மெத்தையிலிருந்து எழுவது பெரும்பாடு, காலை ஊன்றவே பிடிமானம் இருக்காது. கையால் அழுத்திப் பாருங்கள். கை தரைவரை போனால் அந்த மெத்தை அவனுக்கு வேண்டாம். திடமாக இருந்தால் பழைய போர்வையைத் துவைக்காமல் அதன்மேல் விரியுங்கள். அவனுடைய வாசனை முழுக்க அந்தப் போர்வையில்தானே இருக்கிறது.

கிழ நாய் புதிதாக எதையும் கற்காது என்றும் நினைத்துவிடாதீர்கள். வியன்னாவில் 5 மாதம் முதல் 13 வயது வரையுள்ள 95 பார்டர் கோலி நாய்களுக்குத் தொடுதிரையில் படங்களை மூக்கால் தொட்டுத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். 2016இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வயதான நாய்களுக்குக் கற்க அதிக நாள் பிடித்தது உண்மைதான். ஆனால் தவறென்று தெரிந்த படத்தை ஒதுக்கி, முன்பின் பார்க்காத படத்தைத் தேர்ந்தெடுக்கும் சோதனையில் அவைதான் முந்தின. கற்றதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் குணம் அங்கே கைகொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே வற்புறுத்தாதீர்கள், முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். கிண்ணத்தைச் சமையலறைக்கே கொண்டுபோய் வையுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் தினம் ஒரு சாண் நகர்த்துங்கள், அல்லது இரண்டு இடத்திலும் தண்ணீர் வையுங்கள். நடைக்குப் பழைய வழியே போதும். அவன் முகர நிற்கும் இடத்தில் இழுக்காமல் நில்லுங்கள். கண், காதைவிட மூக்குதான் அதிக நாள் நன்றாக வேலை செய்யும். அதே தெருவில் தினமும் அவனுக்குப் புது வாசனை கிடைக்கும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். பழக்கத்தை விடாத கிழ நாயைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் இருந்த பெண் நாய் 14 வயதில் பழக்கங்களை மறக்க ஆரம்பித்தாள். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் பக்கம் போய் நின்றாள். ராத்திரி முழுக்க நடந்தாள், பகலில் தூங்கினாள். வயதாகிவிட்டது என்று சொல்லி நான் பல மாதங்களை வீணாக்கினேன். அது மூளைத் தளர்ச்சி என்று பிறகுதான் தெரிந்தது. 2001இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திடமும் 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திடமும் அதன் அறிகுறி ஒன்றாவது இருந்தது. முழுதாகக் குணமாகாது, ஆனால் மருந்தும் உணவும் நாளைச் சற்று எளிதாக்கும். அதை அவளுக்கு நான் தாமதமாகத்தான் கொடுத்தேன்.

அவன் வீட்டுக்குள்ளேயே வழி தவறினாலோ, மூலையைப் பார்த்து நின்றாலோ, இரவு உறங்காமல் அலைந்தாலோ, அந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.