பூஜை அறையில் எது விக்ரகம், எது பொம்மை?

கேள்வி: மாமியார் காலமாகி ஒரு வருடம் ஆகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு அடுக்ககத்துக்குக் குடிபோகிறோம். அங்கே பூஜைக்கென்று இருப்பது ஓர் அலமாரித் தட்டுதான். அவர் வைத்திருந்தவற்றில் தும்பிக்கை நுனி உடைந்த பித்தளைப் பிள்ளையார், சம்புடத்தில் ஒரு சாளக்கிராமம், கூடத்து ஷோகேஸில் ஒன்றரை அடி நடராஜர், சட்டம் போட்ட படங்கள், கட்டுக்கட்டாகப் பழைய காலண்டர்கள், பக்கத்து வீட்டு அக்கா வேளாங்கண்ணியிலிருந்து வாங்கிவந்து கொடுத்த மாதா எல்லாம் இருக்கின்றன. “எல்லாமே விக்ரகம்தான், பேசாமல் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்” என்கிறார் கொழுந்தனார். எதை விக்ரகமாக நினைக்க வேண்டும்? எதை எடுத்துப்போவது, எதை விடுவது?

பதில்: உருவத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது அம்மா. அந்தப் பொருளுக்கு என்ன செய்யப்பட்டது, இன்னும் என்ன செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கோயில் வழிபாட்டு விதிநூல்களான ஆகமங்களின் வழியில் வந்தவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

மாமல்லபுரம் சாலையோரப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். பாதி முடிந்த அம்மன் கருங்கல் தூளுக்கு நடுவே மல்லாந்து கிடப்பாள். மேலே உட்கார்ந்து சிற்பி உளி போடுவார், டீ குடிப்பார். யாரும் அதை அபசாரம் என்று சொல்வதில்லை. கண் திறப்பு நடந்து, யாகசாலைக் குடத்து நீர் மேலே விழுந்து, பிரதிஷ்டை ஆன பிறகு அதே சிற்பி கர்ப்பக்கிருகத்துக்குள் நுழையக்கூட மாட்டார்.

இதைவிடத் தெளிவான சாட்சி பாலாலயம், அதாவது திருப்பணி முடியும்வரை சாமிக்குச் செய்யும் தற்காலிக ஏற்பாடு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது வழக்கம். அதற்கு முன் திருப்பணி நடக்க வேண்டும். சாமி இருக்கும்போது உளியும் சாந்துமாக உள்ளே போக முடியாது. அதனால் குருக்கள் மூலவரின் சக்தியை ஒரு கும்பத்துக்கு இறக்குவார். நூல் சுற்றிய குடம், உள்ளே நீர், வாயில் மாவிலை, மேலே தேங்காய், தர்ப்பைக் கூர்ச்சம். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். பிறகு கும்பத்திலிருந்து, சாமியின் உருவம் வரைந்த ஒரு மரப்பலகைக்கு. அன்று முதல் தீபாராதனை பலகைக்குத்தான். உள்ளே இருக்கும் கல்லில், அதைப் பீடத்தோடு பிணைக்கும் பழைய அஷ்டபந்தனச் சாந்தைச் சுரண்டுவார்கள், பீடத்தை அசைப்பார்கள். கும்பாபிஷேகத்தன்று எல்லாம் திரும்பக் கல்லுக்கே போகும். கல்லின் உருவம் துளியும் மாறவில்லை. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அது பூஜைக்குரிய விக்ரகம் இல்லை.

உருவமே இல்லாததும் விக்ரகத்தின் இடத்தில் இருக்கும். விசேஷ நாளில் மஞ்சளைப் பிசைந்து பிடித்து, அருகம்புல் செருகினால் பிள்ளையார். பூஜை முடிந்து வடக்கே லேசாக நகர்த்திவிட்டால் மறுபடி மஞ்சள், அதைக் கரைத்துவிடுகிறோம். சிதம்பர ரகசியத்தில் திரையை விலக்கினால் தெரிவது தொங்கும் பொன் வில்வ மாலைதான், ஆளுருவம் எதுவும் கிடையாது. பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் குலதெய்வத்தை நிறுத்துகிறவர்கள் கொண்டுவருவது ஒரு கை மண்.

இனி உங்கள் வீடு. கோயிலில் நடப்பது ஊருக்கான பரார்த்த பூஜை. வீட்டில் நமக்காகச் செய்வது ஆத்மார்த்தம். பெரும்பாலான வீடுகளில் பிராணப் பிரதிஷ்டை செய்து வைப்பதில்லை. பூஜைக்கு முன் ஆவாஹனம், முடிந்ததும் யதாஸ்தானம்: கூப்பிட்டு, உபசரித்து, வழியனுப்புகிறோம். அதனால்தான் நான்கு நாள் ஊருக்குப் போக வீட்டைப் பூட்ட முடிகிறது. வீட்டு மூர்த்தி ஒரு சாணுக்கு மேல் வேண்டாம் என்று மத்ஸ்ய புராணம் சொல்வதும் இந்த வேற்றுமையை ஒட்டித்தான் என்று நினைக்கிறேன். பெரிதாக வைத்தால் கோயிலுக்குரிய நியமங்களும் கூடவே வந்துவிடும். ஆகவே முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்: மாமியார் எதற்காவது சாஸ்திரிகளை வைத்துப் பிரதிஷ்டை செய்தாரா? எதற்குத் தினமும் அபிஷேகமும் நைவேத்தியமும் நடந்தது? அவைதான் விக்ரகம்.

பிள்ளையாரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு தந்தம் குட்டையாக இருந்தால் அது பின்னம் (சிதைவு) இல்லை, அவர் இலக்கணமே அதுதான். (தந்தம் போச்சே என்று பசை போட்டு ஒட்டியவர்களும் உண்டு.) தும்பிக்கை உடைந்தது வேறு விஷயம். அங்கம் பின்னமானால் பூஜைக்கு ஆகாது என்பதுதான் பொதுவிதி. சிதைந்துபோன மூர்த்தியை என்ன செய்வது என்று அக்னி புராணம் பொருளைப் பார்த்துப் பிரிக்கிறது: மரம் தீயில், கல் நீரில், உலோகமும் ரத்தினமும் ஆழ்ந்த நீரிலோ கடலிலோ. இன்றைய ஏரி குளங்களில் பித்தளையைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உருக்கி வார்ப்பதும் வழக்கத்தில் உள்ளதுதான். ஒரு நல்ல நாளில் கடைசியாகக் கொழுக்கட்டை படைத்து, குடும்ப சாஸ்திரிகளைக் கொண்டு ஆவாஹனத்தை நீர்க்கும்பத்துக்கு மாற்றிவிட்டு, ஸ்தபதியிடமோ கன்னாரிடமோ கொடுங்கள். அதே பித்தளையில் சாணுக்குள் அடங்கும் பிள்ளையாரை வார்த்துக்கொண்டால் புது அலமாரிக்கும் சரியாக இருக்கும்.

நான் இதுவரை சொன்னதற்கெல்லாம் விலக்கு சாளக்கிராமம். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்பு நிறக் கல். உள்ளே சுருள்சுருளாகத் தெரிவது பழங்காலக் கடலுயிரி ஒன்றின் புதைபடிவம் என்பார்கள் நிலவியலார். நம்பிக்கையில் அது தானே தோன்றிய மூர்த்தி. யாரும் பிரதிஷ்டை செய்ய வேண்டாம், வழியனுப்பவும் முடியாது. உடைந்தாலும் தோஷமில்லை என்பார்கள். நர்மதையில் இயற்கையாகவே லிங்க வடிவில் கிடைக்கும் பாணலிங்கக் கல்லுக்கும் இதே மரியாதை. ஆக உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பொறுப்பு கூடியது உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கல்தான். தினமும் திருமஞ்சனமும் துளசியும் கொஞ்சம் நைவேத்தியமும் உங்களால் முடியாது என்றால், முடிகிற உறவினரிடம் கொடுத்துவிடுங்கள். விலை மட்டும் பேசக் கூடாது.

நடராஜர் ஷோகேஸிலேயே இருந்தவர் என்றால், அவருக்கு ஒரு பூகூட வைத்ததில்லை என்றால், அது கலைப்பொருள். புது வீட்டுக் கூடத்தில் தாராளமாக வைக்கலாம், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒன்று மட்டும் விசாரியுங்கள்: கடையில் வாங்கியதா, பூர்விக வீட்டிலிருந்து வந்ததா? நூறு வருடத்துக்கு மேற்பட்ட உலோகச் சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சட்டத்துக்குப் பூஜை நடந்ததா என்பதைப் பற்றிக் கவலை இல்லை, வயதுதான் கணக்கு. (கோயில் மூர்த்தி என்றால் அதே சட்ட உலகம் வேறு முகம் காட்டும். அங்கே தெய்வத்துக்கே சொத்துரிமை உண்டு, வழக்கும் போடலாம். 1976இல் பத்தூரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்து லண்டன்வரை போன நடராஜரை மீட்க, வழக்காடிகளில் ஒருவராக நின்றது அந்தக் கோயிலேதான். 1991இல் சாமி ஊர் திரும்பினார்.)

படங்களில், சட்டம் போட்டு விளக்கேற்றிப் பூ வைத்து வந்தவற்றை மூர்த்தியாகவே கொள்ளுங்கள். பாகவதம் சொல்லும் எட்டு வகைப் பிரதிமைகளில் எழுதிய சித்திரமும் ஒன்று. தேதி பார்க்க மாட்டிய காலண்டர் அப்படியில்லை. கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார், ஊதுபத்தி அட்டை லட்சுமி, மஞ்சள் பை முருகன் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ஆரம்பித்தால் இன்னொரு அடுக்ககம் வாங்க வேண்டியதுதான். மனசு உறுத்தினால் படத்தை மட்டும் கத்தரித்து நீரில் ஊறவைத்துக் கூழாக்கிச் செடிக்குப் போடுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சு உள்ளதைப் போடாதீர்கள். மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்கலாம்.

மாதா சுரூபத்தை அந்த அக்காவின் கணக்கில்தான் பார்க்க வேண்டும், நம் கணக்கில் அல்ல. கத்தோலிக்கர் சுரூபத்துக்கு வணக்கம் செலுத்துவார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பார்கள். 787இல் நைசியாவில் கூடிய சங்கம் வகுத்த வேறுபாடு அது. பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த சுரூபமாக இருந்தால் அதைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். உங்களுக்கு இடமில்லை என்றால் அக்காவிடமே சொல்லித் திருப்பிக் கொடுங்கள். தவறாக நினைக்க மாட்டார்.

கொழுந்தனார் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். ஆகமக் கோயிலில் வெளி மூர்த்தியைச் சேர்க்க முடியாது; சேர்த்தால் அதற்கும் நித்திய பூஜை நடந்தாக வேண்டும். அரசமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வருவதும் அப்படித்தான்: கையில்லாத கிருஷ்ணரும் கண்ணாடி உடைந்த படமுமாக எத்தனை மரத்தடியில் மழையில் நனைந்து கிடக்கின்றன! கடைசியில் அள்ளிப்போவது குப்பை வண்டி. குடிபோகும் நாளில் மற்ற சாமான்கள் லாரியில் போகட்டும். சாளக்கிராமச் சம்புடத்தை மட்டும் பட்டுத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.