பழைய மசில் லோடர்: வாங்கும் முன்பும் சுடும் முன்பும்

கேள்வி: குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு, கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் 50 கேலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) வேட்டைத் துப்பாக்கி ஒன்று விலைக்கு வருகிறது. சில பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஹாக்கன் எனப்படும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கியின் பாணியில் அமைந்தது அது. மரக்கட்டையும் பித்தளை வேலைப்பாடும் புதிது போல் இருக்கின்றன. அதிகம் சுடப்படாதது என்று உரிமையாளர் சொல்கிறார். வாங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: மரத்தையும் பித்தளையையும் கடைசியில் பாருங்கள். இத்தகைய துப்பாக்கியில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது குழலின் உட்புறத்தைத்தான். மற்ற எல்லாவற்றையும் மாற்றவோ பழுதுபார்க்கவோ முடியும்.

குழலுக்குள் விளக்கை இறக்குவதற்கும் முன்னால், துப்பாக்கி கெட்டித்த நிலையில், அதாவது மருந்தும் குண்டும் உள்ளே இட்டபடி, இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரம் படாத கருமருந்து (இத்தகைய துப்பாக்கியில் இடும் பழைய வகை வெடிமருந்து) எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் வீரியம் இழப்பதில்லை. உள்ளே மருந்தும் குண்டும் இருப்பது தெரியாமலேயே கைமாறிய துப்பாக்கிகள் உண்டு. நிப்பிளில் (கேப்பை மாட்டும், துளையுள்ள சிறு முனை) கேப் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, குழல் வாயை ஆள் இல்லாத திசையில் வைத்து, உங்கள் முகமும் உடலும் அதற்கு நேரே வராதபடி நின்று, திணிகோலை அடிவரை இறக்கி, வாய் விளிம்பு வரும் இடத்தில் அடையாளம் இடுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்து, அடையாளம் வாய்க்கு நேராக இருக்குமாறு குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தால், அதன் நுனி ஏறக்குறைய நிப்பிள் இருக்கும் இடம் வரை வர வேண்டும். அடியறை குறுகலாகச் செய்யப்பட்ட சில துப்பாக்கிகளில் சற்று முன்னதாகவே நிற்கும். ஆனால் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அதை நீங்களே தோண்டி எடுக்க முயலாமல் துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநரிடம் ஒப்படையுங்கள்.

காலி என்று தெரிந்த பிறகு, சிறு விளக்கு ஒன்றை உள்ளே இறக்கி வரிப்பள்ளங்களைப் (குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டிய பள்ளங்கள்) பாருங்கள். அவற்றின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். துரு அரித்த குழிகள் பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் இருக்கும், ஏனெனில் சரியாகக் கழுவாத குழலில் மருந்துக் கரி அங்கேதான் தேங்குகிறது. கண்ணைவிடக் கை இங்கே நன்றாகச் சொல்லும். எண்ணெய் தொட்ட துணியைக் கோல் நுனியில் இறுக்கமாகப் பொருத்தி, மெதுவாகத் தள்ளுங்கள். வாயிலிருந்து அடிவரை ஒரே சீரான எதிர்ப்பு இருந்தால் நல்லது. சற்றே சொரசொரப்பு இருந்தால் அதற்காக நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மெருகேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், துணி சுற்றிய ஈயக் குண்டு அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஓரிடத்தில் கோல் திடீரென்று தளர்ந்து, மறுபடி இறுகினால், குழல் அங்கே வளையம் போல் வீங்கியிருக்கிறது என்று பொருள். குண்டு மருந்தின் மேல் படியாமல் நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டதன் விளைவு அது. வெளிச்சத்துக்கு எதிரே குழலை நீளவாக்கில் பார்த்தால், வெளிப்புறத்திலும் ஒரு மெல்லிய நிழல்கோடு தென்படக்கூடும். அந்தத் துப்பாக்கியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

அடுத்தது பொறி, அதாவது குதிரையும் விசையும் அடங்கிய சுடும் அமைப்பு. குதிரையை (கேப்பை அடிக்கும் சுத்தியல்) பாதி இழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தினால் குதிரை விடுபடக் கூடாது. இரண்டு விசைகள் உள்ள துப்பாக்கியில் ஒன்றை இழுத்து வைத்ததும் மற்றது மிக மெல்லிய அழுத்தத்துக்கே விடும். அதை முன்கூட்டி அறிந்து கையாளுங்கள். வெறும் நிப்பிளின் மேல் குதிரையை விழவிட்டுப் பார்க்காதீர்கள், அது நிப்பிளின் வாயை நசுக்கிவிடும். நிப்பிள் தேய்ந்திருப்பது பெரிய குறையன்று, மாற்றிவிடலாம். ஆனால் அங்குல அளவில் மரையிட்டவையும் மில்லிமீட்டர் அளவில் மரையிட்டவையும் இருப்பதால், பொருந்தாததை முறுக்கி ஏற்றிக் குழலின் மரையைக் கெடுத்துவிட வேண்டாம். மரக்கட்டையில், கைப்பிடிக்கும் மெல்லிய பகுதியிலும் பொறிக்குப் பின்னாலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டில் செய்தவையே மூல ஹாக்கன்கள். பிற்காலத்தில் அந்தப் பெயரில் வந்தவற்றுள் தாம்சன் சென்டர் நிறுவனம் 1970இல் வெளியிட்டது பெரிதும் பரவியது. இக்காலத் தயாரிப்புகளில், கருமருந்துக்கு மட்டும் என்ற பொறிப்பும் கேலிபரும் குழலிலேயே இருப்பது வழக்கம். இத்தாலி, ஸ்பெயின் நாட்டுத் தயாரிப்புகளில் அரசுச் சோதனைச்சாலையின் முத்திரையும் இருக்கும். உங்கள் கைக்கு வருவது உண்மையிலேயே 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கி என்றால், வல்லுநர் ஒருவர் ஆராய்ந்து சொல்லும்வரை அதைச் சுட எண்ண வேண்டாம். உரிமம், வேட்டை தொடர்பான சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், பணம் கொடுக்கும் முன் அவற்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கியாயிற்று. சுடுதளத்தில் எப்படித் தொடங்குவது? எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு?

பதில்: முதலில் ஒரு தடை. இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைச் சிறிதளவும் இதில் இடக் கூடாது. அது உண்டாக்கும் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது. குழல் வெடித்துக் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. கருமருந்து, அல்லது அதற்கு மாற்றாகவே செய்யப்பட்ட மருந்து, இவை இரண்டுமே ஏற்றவை.

கருமருந்தில், 50 கேலிபருக்கு ‘2 எஃப்’ எனப்படும் பருமனான தூளில் தொடங்குவது நல்லது. அளவு கிரெயினில் சொல்லப்படுகிறது. ஒரு கிரெயின் ஏறக்குறைய 0.065 கிராம், ஆனால் மருந்தைத் தராசில் நிறுக்காமல் அளவுக்குழாயில் கன அளவாகவே அளக்கிறார்கள். உருண்டைக் குண்டுக்கு 50 கிரெயினில் தொடங்கி, ஐந்தைந்தாக உயர்த்தி, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள உச்ச வரம்புக்கு உள்ளேயே நில்லுங்கள். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் ஊற்றக் கூடாது. முந்தைய வேட்டின் கங்கு உள்ளே கனன்றால் குடுவையே வெடிக்கும். குண்டு 0.490 அங்குலம், அதாவது சுமார் 177 கிரெயின் எடையுள்ள தூய ஈய உருண்டை. அதைச் சுற்றுவதற்கு மசகு தடவிய, 0.015 அங்குலத் தடிப்புள்ள பருத்தித் துணி. வரிப்பள்ளம் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் குழல் உருண்டைக் குண்டையும் நீளக் குண்டையும் ஓரளவு ஏற்கும். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் உருண்டைக் குண்டோடு நில்லுங்கள்.

சுடும் முன் குழலின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, மருந்தில்லாமல் ஒரு கேப்பை வெடிக்கவிடுங்கள். வாயருகே தரையில் கிடக்கும் புல்லோ காய்ந்த இலையோ அசைந்தால் நிப்பிளிலிருந்து குழலுக்குள் செல்லும் தீவழி திறந்திருக்கிறது. பிறகு மருந்தையும் குண்டையும் இட்டு, குண்டு மருந்தின் மேல் உறுதியாகப் படியும்வரை அழுத்தி, அந்த இடத்தைத் திணிகோலில் குறித்துக்கொண்டால், அடுத்தடுத்த முறைகளில் குண்டு முழுதும் இறங்கிற்றா என்பது ஒரு பார்வையில் தெரியும். கேப் வைப்பது எப்போதும் கடைசி வேலை. கேப்பின் சிதறல் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் சுட வேண்டாம். கேப் வெடித்தும் துப்பாக்கி சுடாவிட்டால், குறைந்தது 1 நிமிடம் முழுவதும் குழலை இலக்குத் திசையிலேயே பிடித்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும்.

இலக்கை 25 கஜத்தில் வையுங்கள். மணல்மூட்டையில் சாய்த்து மூன்று முறை சுட்டு, குண்டுகள் எங்கே விழுகின்றன என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதையே பாருங்கள். ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் ஈரத் துணி ஒன்றும் உலர்ந்த துணி ஒன்றும் குழலில் விட்டுத் துடைத்தால், கரி படிந்து அடுத்த குண்டு இறுகாமல் இருக்கும். சுட்டபின் தளப் பொறுப்பாளர் அனுமதிக்கும்போது முன்னே நடந்து சென்று, குண்டைச் சுற்றியிருந்து விழுந்து கிடக்கும் துணித்துண்டுகளைப் பொறுக்கி வாருங்கள். புதியவர்கள் பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் துப்பாக்கியைப் பற்றிய முழு அறிக்கையும் அவற்றில்தான் இருக்கிறது. நடுவே கருவட்டமும் ஓரத்தில் சிறு பிசிறும் மட்டும் இருந்தால் எல்லாம் சரி. துணி பொசுங்கி ஓட்டையாகியிருந்தால் அது மெல்லியது, அல்லது மசகு போதவில்லை, அல்லது மருந்து மிகுதி. வரிப்பள்ளங்களின் இடைவெளியில் சீராக வெட்டுப்பட்டிருந்தால் குழல் வாயின் விளிம்போ பள்ளங்களின் ஓரமோ மிகக் கூர்மையாக உள்ளது. காரணத்தைக் கண்டபின், மருந்து, துணி, மசகு ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாது.

குண்டுகள் நெருங்கி விழத் தொடங்கிய பிறகே குறியைத் திருத்த வேண்டும். பின்குறியை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முன்குறி என்றால் எதிர்ப்பக்கம். பிறகு 50 கஜம், அதன்பின் 100 கஜம். உருண்டைக் குண்டு வேகத்தை விரைவில் இழப்பதால், 100 கஜத்துக்கு அப்பால் இதைக்கொண்டு விலங்கைச் சுடுவது நியாயமன்று. காயத்தோடு தப்பிப்போகும் விலங்கு படும் துன்பத்துக்குச் சுட்டவரே பொறுப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள்: காட்டில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வேட்டு, அதுவும் சுத்தமான, குளிர்ந்த குழலிலிருந்து. எனவே ஒவ்வொரு முறை தளத்துக்குச் செல்லும்போதும் முதல் குண்டு விழுந்த இடத்தைத் தனியே குறித்து வாருங்கள்.

கேள்வி: சுட்டபின் மறுநாள் சுத்தம் செய்தால் போதுமா?

பதில்: போதாது. கருமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். பெர்குளோரேட் என்ற வேதி உப்பு கலந்த மாற்று மருந்துகளின் எச்சம் இன்னும் கடுமையானது. அன்றே வெந்நீரும் சோப்பும் கொண்டு, துணி வெள்ளையாக வெளிவரும்வரை கழுவி, முற்றிலும் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். நிப்பிளைக் கழற்றி அதன் துளையையும் சுத்தம் செய்யுங்கள். ஆனால் பழைய துப்பாக்கியின் அடியடைப்புத் திருகைக் கழற்ற முயல வேண்டாம். மறுநாள் ஒரு சுத்தமான துணியை உள்ளே விட்டுப் பார்த்து, பழுப்பு நிறம் ஒட்டினால் மீண்டும் துடைத்து எண்ணெய் இடுங்கள்.