கேள்வி – பதில்: கார் எஞ்சினில் பறக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களில் சிலர் மாஸ்டா ஆர்.எக்ஸ்-7 காரின் ரோட்டரி எஞ்சினைப் பொருத்திப் பறக்கிறார்களாமே? 6000 ஆர்.பி.எம்.மில் மணிக்கணக்காக ஓடினால் எஞ்சின் தாங்குமா?

பதில்: தாங்கும். 6000 என்பது நடுத்தண்டின் கணக்கு. தண்டு மூன்று சுற்று சுற்றும்போது, பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே சுழலும் முக்கோண ரோட்டர் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆக, அது ஓடுவது 2000-த்தில். மேலும் கீழும் அடித்துக்கொள்ள பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. ஆர்.எக்ஸ்-7-இல் வரும் 13பி எஞ்சினில் இரண்டு ரோட்டர், ஆளுக்கு இரண்டு பிளக், மொத்தம் 1308 சிசி. பட்டறையில் வளர்ந்த எனக்கு, அசையும் சாமான் இவ்வளவு குறைவான எஞ்சினைப் பார்த்தாலே ஒரு மயக்கம்தான். ரோட்டர் முனையில் இருக்கும் மெல்லிய சீல் உடைந்தால்கூட அந்த ரோட்டர்தான் படுக்கும். மற்றது பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். பிஸ்டன் எஞ்சினில் கனெக்டிங் ராடு உடைந்தால் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

தலைவலியெல்லாம் எஞ்சினைச் சுற்றி இருக்கிறது. புரொப்பெல்லருக்கு 2700 சுற்றே அதிகம். அதற்கு மேல் போனால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, இழுக்கிற வேலையை விட்டுவிட்டு இரைச்சல் மட்டும் போடும். அதனால் நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். ஃபோர்டு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பிளானட்டரி பல்சக்கரங்களை எடுத்து, எஞ்சின் 2.17 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் 1, இல்லையென்றால் 2.85-க்கு 1 என்றெல்லாம் செய்து பறந்திருக்கிறார்கள்.

அப்புறம் சூடு. ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பது ஆயில்தான். எனவே ரேடியேட்டர் மட்டும் போதாது, ஆயில் கூலரும் பெரிதாக வேண்டும். விமான மூக்கில் இதற்கெல்லாம் இடம் ஏது? சிலர் கார் ஏசியின் கூலிங் காயிலை எடுத்து, குழாயை மாற்றி வெல்டிங் வைத்து, ரேடியேட்டராக்கிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்! ஆனால் சைலன்சர் விஷயத்தில் அந்தக் கெட்டிக்காரர்களே திணறினார்கள். எரியும் அறை நீளமாக, ஒல்லியாக இருப்பதால் பெட்ரோல் எரிந்து முடியும் முன்பே புகைவழி திறந்துவிடும். நெருப்பு அப்படியே குழாய்க்குள் வரும். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் வெந்து, பிய்ந்து, பின்பக்கமாகப் பறந்துவிடும். சைலன்சர் இல்லாமல் ஓட்டினாலோ, காது போய்விடும்.

கேள்வி: விமான எஞ்சினைவிட இதில் காசு மிச்சமாகுமா?

பதில்: பழைய 13பி மலிவுதான். அதோடு கியர்பாக்ஸ், இரண்டு பெட்ரோல் பம்ப், இக்னிஷன் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் மிச்சம் கரைந்துகொண்டே வரும். விமானத்துக்கென்றே செய்த லைகமிங் ஓ-320 எஞ்சின் கியர்பாக்ஸே இல்லாமல் 2700 சுற்றில் 160 குதிரைச் சக்தி கொடுத்துவிடும். பறப்பதுதான் ஆசை என்றால் அதையே வாங்குங்கள். ஸ்பானரும் கையுமாக ஷெட்டில் கிடப்பது பிடிக்குமென்றால் மாஸ்டா. இன்னொன்று: விமானத்துக்கென்றே சான்றிதழ் பெற்ற எஞ்சின், புரொப்பெல்லர் ஜோடிக்கு அமெரிக்காவில் சாதாரணமாக 25 மணி நேரம் சோதனைப் பறத்தல் போதும். கார் எஞ்சின் என்றால் 40 மணி நேரம், அதுவும் ஜன நெருக்கடி இல்லாத பக்கமாக.