டிக் டைகர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நைஜீரியக் குத்துச்சண்டை வீரர் டிக் டைகர் 36 வயதில் மிடில்வெயிட் உலகப் பட்டத்தை மீண்டும் வென்றாராமே? அந்த வயதில் கால் ஓடுமா?

பதில்: அவர் காலை நம்பிச் சண்டை போட்டவரே இல்லை. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தான். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கையுறைகளைக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு, எதிராளியின் ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் குத்து) வரும்போது தலையை விலக்கி இடதுகாலை உள்ளே வைப்பார். பிறகு இடது ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து. முதலில் விலாவுக்கு, அடுத்தது தாடைக்கு. விலாவில் விழும் அடி அப்போதைக்குப் பெரிதாகத் தெரியாது. பத்தாவது ரவுண்டில் எதிராளியின் கால் கனக்கும்போது தெரியும். அன்றைய பட்டச் சண்டைகள் 15 ரவுண்டு என்பது இவருக்குச் சாதகம்.

இன்னொன்று எடை. மிடில்வெயிட் வரம்பு 160 பவுண்டு, ஏறக்குறைய 72.5 கிலோ. எடை மேடை ஏறுவதற்கு முன் தண்ணீரை நிறுத்தி உடம்பை வற்ற வைப்பவர்களுக்குக் கடைசி ரவுண்டுகளில் முதலில் கைவிடுவது கால்தான். டைகருக்கு அந்தத் தொல்லை கிடையாது. இயல்பாகவே அந்த எடைக்காரர்.

எதிராளி முன்னால் வந்தால் இவருக்குக் கொண்டாட்டம். அப்போதைய சாம்பியன் ஜீன் ஃபுல்மர் அப்படி வருபவர். 1962 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் பட்டத்தைப் பறிகொடுத்தார். அடுத்த சண்டை சமன். 1963 ஆகஸ்டில் நைஜீரியாவின் இபாதானில் ஏழாவது ரவுண்டு முடிந்ததும் அவர் தரப்பே சண்டையை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஜோயி ஜியார்டெல்லோ நின்று அடிபடவில்லை. ஜாபைத் தட்டிவிட்டு நகர்ந்துகொண்டே புள்ளிகளில் வென்றார். மறுசண்டை 1965 அக்டோபரில்தான் கிடைத்தது. ஜியார்டெல்லோவுக்கும் அப்போது 35. இம்முறை அவரால் நழுவ முடியவில்லை. டைகர் இளமையானார் என்பதைவிட எதிராளியின் கால் தளர்ந்தது என்பதே சரி.

கேள்வி: லைட் ஹெவிவெயிட்டில் ஹோசே டோரஸை வென்றவர், பாப் ஃபாஸ்டரிடம் ஏன் அப்படி விழுந்தார்?

பதில்: அங்கே வரம்பு 175 பவுண்டு. டைகர் அதற்குச் சில பவுண்டுகள் குறைவாகவே ஏறினார். டோரஸ் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் என்பதால் 1966 டிசம்பரில் அது போதுமாக இருந்தது. ஃபாஸ்டர் ஆறடி மூன்று அங்குலம். உள்ளே போக ஓர் எட்டு போதாது, மூன்று எட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு எட்டிலும் முகம் திறந்திருக்கும். 1968 மே மாதம், நான்காவது ரவுண்டில் ஃபாஸ்டரின் இடது ஹூக் முடித்துவிட்டது.

கேள்வி: பியாஃப்ரா போரில் அவர் பங்கு என்ன?

பதில்: பியாஃப்ரா என்பது நைஜீரியாவிலிருந்து பிரிய இக்போ மக்கள் அறிவித்த தனிநாடு. டைகரும் இக்போ இனத்தவர், பியாஃப்ரா படையில் உடற்பயிற்சி அளித்தார். பிரிட்டன் நைஜீரிய அரசை ஆதரித்ததால் பிரிட்டிஷ் அரசு தனக்கு அளித்த எம்.பி.இ. விருதைத் திருப்பி அனுப்பினார். பின்னர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காவலர் வேலை. கல்லீரல் புற்றுநோயால் 1971 டிசம்பரில் நைஜீரியாவின் அபா நகரில் காலமானார்.

கேள்வி: 60 வெற்றி, 19 தோல்வி. சாம்பியனுக்கு இத்தனை தோல்வியா?

பதில்: எங்கே விழுந்தவை என்று பாருங்கள். 1955-ல் லிவர்பூல் போனதும் முதல் நான்கு சண்டைகளிலும் தோல்வி. இன்றைய மேலாளர் யாரும் தன் வீரரை அப்படி இறக்கமாட்டார். அந்த 19-ல் பத்து எண்ணி முடியும்வரை அவர் எழாதது ஃபாஸ்டரிடம் மட்டும்தான். அதற்கு அடுத்த ஆண்டே, பட்டத்துக்கு அல்லாத சண்டையில், அப்போதைய மிடில்வெயிட் சாம்பியன் நினோ பென்வெனுட்டியைத் தோற்கடித்தார், வயது 39.