எச்-இன்டெக்ஸ் 52 உள்ள கைடா, 14 உள்ள கைடா?

அண்ணே, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். மகளை இம்யூனாலஜி (நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய துறை) பி.எச்டி.க்கு இரண்டு லேப்பில் கூப்பிடுகிறார்கள், ஒரு கைடுக்கு எச்-இன்டெக்ஸ் 52, இன்னொருவருக்கு 14, பெரிய நம்பரில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி இதைப் பார்க்காதீர்கள்.

2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்கிற இயற்பியல்காரர் போட்ட கணக்கு இது. 14 என்றால், அவருடைய கட்டுரைகளில் 14 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 14 முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது, லேப்பைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் பழைய கட்டுரைகளால் ஏறிக்கொண்டே போகலாம், அதனால் 58 வயதுக்காரரையும் 38 வயதுக்காரரையும் இதை வைத்து எடைபோடுவது நியாயமே இல்லை. அந்த 52-காரருக்கு ரிட்டையர்மென்ட் எப்போது என்று முதலில் விசாரியுங்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றால், ஓய்வுபெற மூன்று வருடத்துக்குக் குறைவாக இருக்கும்போது புதிதாக ஆராய்ச்சி மாணவர் எடுக்கக்கூடாது என்று யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையே சொல்கிறது.

சைட்டேஷன், அதாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டுவது, எப்படி ஏறியது என்பதும் முக்கியம். சொந்தமாகச் செய்த சோதனையை எழுதுவது ஒன்று, மற்றவர்கள் செய்ததைத் தொகுத்து ரிவ்யூ கட்டுரை எழுதுவது வேறு. ரிவ்யூவுக்குத்தான் பெரும்பாலும் சைட்டேஷன் அதிகம். அப்புறம், உலக நோய்ச்சுமை ஆய்வு போல நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதும் கட்டுரைகள் இருக்கின்றன, அதில் ஒரு பெயராக இருந்தாலும் ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் வந்து விழும். தவறு என்று சொல்லவில்லை, ஆனால் அதனால் உங்கள் பெண்ணுக்கு லேப்பில் ஒரு டி செல்லை (நோய் எதிர்ப்புக்கான ஒரு வகை வெள்ளை அணு) பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடாது.

மகளை உட்கார வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் இரண்டு பேருடைய பக்கத்தையும் திறந்து, ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தி, கடைசி ஐந்து வருடத்தை மட்டும் பார்க்கட்டும். சோதனைக் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது? இந்தத் துறையில் கையால் வேலை செய்த மாணவர் பெயர் பெரும்பாலும் முதலில் வரும், லேப் தலைவர் பெயர் கடைசியில். 14-காரரிடம் ஐந்து வருடத்தில் மூன்று மாணவர்கள் முதல் பெயராக வந்திருந்து, 52-காரருடைய கட்டுரைகளில் அவர் பெயர் எங்கோ நடுவில் கிடந்தால், நான் யோசிக்காமல் 14 என்பேன். அந்த முதல் பெயர்க்காரர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, இரண்டு பேரிடமாவது போனில் பேசட்டும். எத்தனை வருடத்தில் தீசிஸ் முடிந்தது, சோதனைக்கு வேண்டிய ஆன்டிபாடி வாங்கக் காசு இருந்ததா, இதைக் கேட்டால் போதும். ஒன்று மட்டும், ஒருவருக்கு ஸ்காலர் எண்ணையும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் என்கிற வேறொரு தளத்தின் எண்ணையும் வைத்து ஒப்பிட வேண்டாம். ஸ்காலர் தீசிஸ், பிரிபிரின்ட் (ஜர்னலில் வருமுன் இணையத்தில் போடும் கட்டுரை) எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும், அதில் பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

சைட்டேஷன் குறைவு என்றால் ஆராய்ச்சி மட்டமானது என்றும் இல்லை. ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995-ல், உடம்பை அதன் சொந்த எதிர்ப்புச் சக்தியே தாக்காமல் அடக்கிவைக்கும் டி செல்கள் உண்டு என்று காட்டியபோது துறையில் பலர் நம்பவில்லை. 2025-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது. (நம் பக்கத்து கைடுக்கும் நோபல் வரும் என்று நான் சொல்லவில்லை!)

காசு கட்டினால் பத்து நாளில் போடுகிறோம் என்னும் ஜர்னல்களில் அடிக்கடி எழுதுகிற கைடு யாராக இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, சிஎஸ்ஐஆர்-யூஜிசி நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் அவள் கையிலேயே வரும், கைடைத் தேர்ந்தெடுப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் சுதந்திரமும் இருக்கும். வீட்டை விட்டு அனுப்பத் தயக்கம் என்றால் மதுரை நாகமலை புதுக்கோட்டை பக்கத்தில் உள்ள காமராசர் பல்கலைக்கழகத்திலேயே இம்யூனாலஜி துறை இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப் போய் அங்குள்ள மாணவர்களிடம் பேசவிடுங்கள். இரண்டு கைடுகளின் ஐந்து வருடப் பட்டியலையும் எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.