ஐசியு பெண்டன்ட்: வாசகர் கேள்விகள்

பெண்டன்ட் என்பது ஐசியு படுக்கையருகே கூரையிலிருந்து தொங்கும் நகரும் கை; வாயு, மின் இணைப்புகளும் கருவி வைக்கும் தட்டுகளும் அதில் இருக்கும்.

கேள்வி: பெண்டன்ட் கை தானாக நகர்ந்து ஒரு பக்கமாகப் போய் நிற்கிறது. பிரேக்கை இறுக்கியும் பயனில்லை. (செராஸ்)

பதில்: இறுக்குவதை நிறுத்துங்கள். கையின் மேல் ரசமட்டம் வைத்து நான்கு திசையிலும் திருப்பிப் பாருங்கள். சாய்வு தெரிந்தால் மேலே கூரையோடு பிணைக்கும் ஃபிளேன்ஜ் (விளிம்புத் தட்டு) நட்டுகளைச் சரிசெய்து மட்டமாக்குங்கள். அதன்பிறகும் நகர்ந்தால்தான் பிரேக்கில் கை வையுங்கள்.

கேள்வி: எங்கள் பெண்டன்ட் எத்தனை கிலோ தாங்கும்? (ஜெலுத்தோங்)

பதில்: மாடலும் எழுதவில்லை, தட்டுகள் எத்தனை என்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் எப்படிச் சொல்வது? கைக்கு 150 கிலோ என்று போட்டிருந்து, தலைப்பகுதி, தட்டு, இழுப்பறை எல்லாம் 60 கிலோ எடுத்துக்கொண்டால், உங்களுக்கு மிச்சம் 90தான். ஒவ்வொரு தட்டுக்கும் தனி வரம்பு உண்டு. ஸ்டிக்கரைப் படியுங்கள்.

கேள்வி: உள்ளே இருக்கும் ஹோஸ்களை (வாயுக் குழாய்களை) மாற்றினோம். ஆக்ஸிஜன், ஏர் (மருத்துவக் காற்று) இரண்டிலும் 4 பார் அழுத்தம் வருகிறது. போதும்தானே? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: போதாது. எத்தனை முறை சொன்னாலும் இதே கேள்வி வருகிறது. இரண்டுக்கும் அழுத்தம் ஒன்றே; இடம் மாறியிருந்தாலும் கேஜ் (அழுத்தமானி) அதே 4 பாரைத்தான் காட்டும், அலாரமும் அடிக்காது. ஆக்ஸிஜன் லைனில் ஏர் வந்தால் வென்டிலேட்டரில் 100 விழுக்காடு வைத்தாலும் நோயாளிக்குக் கிடைப்பது 21தான். சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) இறங்க இறங்கத் தாதி ஆக்ஸிஜனை ஏற்றுவார். லைன்கள் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் ஏற்ற ஏற்ற உண்மையில் ஆக்ஸிஜன் குறையும். வென்டிலேட்டரின் ஆக்ஸிஜன் சென்சார் பழுதாக இருந்தால் அதுவும் எச்சரிக்காது.

"ஒவ்வொரு வாயுவுக்கும் மரை வேறு வேறு, மாற்றிப் பொருத்தவே முடியாது" என்பார்கள். ஹோஸை வெட்டி அங்கேயே முனையை நசுக்கிப் பொருத்தினால் (கிரிம்ப்), ஒரு முனையில் ஆக்ஸிஜன் நட்டும் மறுமுனையில் ஏர் நட்டும் வந்துவிடலாம். முனைகள் பொருத்திச் சோதித்த ஹோஸாகவே வாங்குங்கள்.

செய்ய வேண்டியது இது. அந்தப் படுக்கையில் நோயாளி இருக்கக் கூடாது. எல்லா வாயுக்களையும் மூடி அழுத்தத்தைச் சுழியமாக்குங்கள். ஆக்ஸிஜனை மட்டும் திறந்து, அந்தப் பெண்டன்டில் உள்ள எல்லா அவுட்லெட்டிலும் (வாயு வெளிவரும் இணைப்பிலும்) புரோபைச் (செருகும் முனையைச்) செருகிப் பாருங்கள். ஆக்ஸிஜன் அவுட்லெட்டில் மட்டுமே வர வேண்டும். அதை மூடி வடித்துவிட்டு அடுத்து ஏர், பிறகு வாக்குவம் (உறிஞ்சு லைன்). கடைசியில் ஆக்ஸிஜன் விழுக்காட்டை அளக்கும் அனலைசர்: ஏர் அவுட்லெட்டில் 21, ஆக்ஸிஜனில் 99க்கு மேல், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கும் பிஎஸ்ஏ ஆலையிலிருந்து வருவதென்றால் 93 சுற்றி. யாரும் பயன்படுத்தாத அவுட்லெட்டையும் விடாதீர்கள். ஹோஸ் மாட்டியவரே சோதிக்கக் கூடாது. வேறொருவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர் தடவலாமா? (கிள்ளான்)

பதில்: கூடாது. சோப்பில் கொழுப்பு உண்டு. ஆக்ஸிஜனுக்கு ஏற்றதென்று குறிப்பிட்ட கசிவு திரவம் மட்டும். எண்ணெய், கிரீஸ் படிந்த கையோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: கை முழுச்சுற்று சுற்ற நிறுத்து முளையைக் கழற்றலாமா? (பாயான் லெப்பாஸ்)

பதில்: வேண்டாம். ஹோஸும் வயரும் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: சீலிங் மூடியிலிருந்து பழுப்பு நீர் சொட்டுகிறது. பெண்டன்டில் கோளாறா? (பட்டர்வொர்த்)

பதில்: பெரும்பாலும் இல்லை. ஏர்கண்டிஷனுக்குக் குளிர்நீர் கொண்டுபோகும் சில்லர் குழாயின் இன்சுலேஷன் கிழிந்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. பழுப்பு நிறம் துருவாக இருக்கலாம். அந்தப் பெண்டன்டின் மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து பெண்டன்டைக் கூரையில் பிடித்திருக்கும் ஆங்கர் பிளேட்டையும் போல்ட்டுகளையும் இன்றே பாருங்கள்.