பிறர் பேச்சைக் கேட்டுப் பூச்சிப் படம் கிறுக்குவது சிறுபிள்ளைத்தனமா?

பேருந்திலும் வீட்டிலும் காதில் விழும் பேச்சுகளை வேடிக்கையான பூச்சிகளாகக் கிறுக்கி வருவதாகவும், முப்பது வயதுக்கு மேல் இது சிறுபிள்ளைத்தனமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நோட்டை யாரோ புரட்டிப் பார்த்து முகம் சுளித்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் இதையே செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இல்லை.

நம் பேச்சிலேயே பூச்சிகள் நிறைந்திருக்கின்றன. அலுவலகத்தில் நண்பர் ஒருவர் பழைய கணக்கை அதன் தேதியோடு அப்படியே எழுதிவைக்க, மேலாளர் அதை ‘ஈயடிச்சான் காப்பி’ என்றார். ஈ காலாலும் சுவை அறியும் என்பதால், பேரேட்டின் மேல் ஆறு கால்களையும் ஊன்றி, எந்த வரி ருசியாக இருக்கிறது என்று தேடும் குமாஸ்தா ஈ ஒன்றை வரைந்து கொடுத்தேன். நண்பர் அதைத் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு படம் எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆண்டுகள் பேச்சை நிறுத்தியது. மகனுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அத்தை, “கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்னு சும்மாவா சொன்னாங்க? நான் சொல்லிச் சொல்லித்தான் இவன் ஆளானான்” என்றார். மண்ணால் சிறு பானை போலக் கூடு கட்டும் குளவி, உள்ளே மெல்லிய இழையில் ஒரு முட்டையைத் தொங்கவிட்டு, கொட்டி மயங்கவைத்த புழுக்களைக் கொண்டுவந்து அடைத்து வாயை மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து, குளவியாகி வெளியே வரும். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் மட்டும் பார்த்தவர்களிடம் பிறந்த பழமொழி அது. எனவே, மூக்குக்கண்ணாடி அணிந்து பிரம்போடு நிற்கும் குளவியையும், சிலேட்டைப் பிடித்தபடி தலைக்கு மேல் தொங்கும் முட்டையைக் கலக்கத்தோடு பார்க்கும் புழுவையும் வரைந்தேன். அதை யாரோ படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, “நான் பிள்ளையைத் தின்றவளா?” என்று அத்தை அழுதுவிட்டார்.

தவறு என்னுடையதுதான். அந்த மூக்குக்கண்ணாடி அத்தையுடையது. பார்த்த எல்லாருக்கும் அது தெரிந்தது. அன்றிலிருந்து, கேட்ட சொல்லைப் பூச்சியின் மேல் ஏற்றுகிறேனே தவிர, சொன்னவரின் முகத்தை ஏற்றுவதில்லை. அப்படியானால் நகைச்சுவை போய்விடுமே என்பவர்களுக்கு அந்த ஈயையே காட்டுவேன். அதில் நண்பரின் சாயல் துளியும் இல்லை, ஆயினும் முதலில் சிரித்தவர் அவர்தான்.

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். காதில் தானாக விழுவதைத்தான் சொல்கிறேன். பூச்சிக்கு வேட்டி கட்டுவது அறிவியலுக்குப் பொருந்தாது என்பவர்களுக்கும் ஒரு சொல்: வேட்டி கட்டினாலும், ஆறு கால்களும் மார்பிலிருந்தே புறப்பட வேண்டும் என்பதில் நான் தவறியதில்லை. பள்ளிச் சுவர்களில் எறும்புக்கு நான்கு கால்கள் வரைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மூட்டை சுமக்கும் எறும்புக்கு மீசை வேறு வைக்கிறார்கள்! இரை தேடிச் சுமக்கும் வேலைக்கார எறும்புகள் அனைத்தும் பெண்கள். நாளெல்லாம் நடந்து கால் ஓய்ந்தது என்று அம்மா சொன்ன மாலையில், சேலையை இழுத்துச் செருகிய எறும்பு ஒன்று ஆறு கால்களுக்கும் தைலம் தேய்ப்பதாக வரைந்தேன். அம்மா அதைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்.

நீங்கள் பேனாவைக் கீழே வைக்க வேண்டாம். கேட்ட சொல்லைத் தாளின் ஓரத்தில் எழுதி, அந்தப் பூச்சி உண்மையில் என்ன செய்கிறது என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பாதிப் படம் அங்கேயே கிடைத்துவிடும்.

சென்ற மாதம் அத்தை வீட்டுச் சன்னல் சட்டத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. யாரையும் இடிக்க விடாமல், வந்து வரையும்படி எனக்குத் தொலைபேசியில் சொன்னார். வரைந்து நீட்டியபோது புழுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டின் வாய் இன்னும் சிறியதாக இருக்க வேண்டும் என்று மட்டும் திருத்தினார்.